ஸ்டென்ட் வச்சாச்சு, இனிமே எந்த ரத்த டெஸ்ட்டுக்கு காசு குடுக்கலாம்? ட்ரோபோனின், என்டி-ப்ரோ பிஎன்பி, கிரியாட்டினின், சிஆர்பி ஒரு ஒப்பீடு

போன வாரம் வியாசர்பாடியிலேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணான். அவங்க அப்பாவுக்கு 61 வயசு, விடியக்காலை நெஞ்ச அடைக்குதுன்னு எழுந்து உக்காந்தவரு, 108-ல கூட்டிட்டுப் போயி, அடைப்பு கரைக்கிற ஊசி போட்டு, மறுநாள் ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வச்சு, நாலாவது நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப அவன் கையில ரெண்டு லேப்போட நோட்டீஸ் இருக்கு. ஒண்ணுல 9 டெஸ்ட், இன்னொண்ணுல 14 டெஸ்ட், ரெண்டுமே 'ஹார்ட் ரிஸ்க் பேக்கேஜ்'. "அக்கா, இதுல எத எடுத்தா அப்பா இனிமே நல்லா இருப்பாரான்னு தெரியும்?"ன்னு கேட்டான். இதே கேள்விய இந்த ரெண்டு மாசத்துல வேற மூணு பேரும் கேட்டுட்டாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

நான் லேப்ல பயோகெமிஸ்ட்ரி பக்கம் 14 வருஷமா வேலை பாக்குறவ, டாக்டர் இல்ல. மாத்திரைய கூட்டுறது கொறைக்கிறது எல்லாம் உங்க கார்டியாலஜிஸ்ட் சொல்றபடிதான். ஆனா எந்த நம்பர் எப்ப ஏறும், எதுனால பொய் சொல்லும், எத எடுத்துட்டு மக்கள் வீணா பயப்படுறாங்கன்னு தெனமும் பாக்குறேன்.

ஒண்ண மட்டும் மொதல்ல சொல்லிடறேன். நெஞ்சு வலி வந்துட்டு இருக்கும்போது ரத்த டெஸ்ட் ரிசல்ட்டுக்காக வீட்லயோ லேப்லயோ காத்திருக்கவே கூடாது. ஈசிஜி-ல எஸ்டி-ங்குற கோடு ஏறியிருந்தா அதுவே போதும், ட்ரோபோனின் வர்ற வரைக்கும் எந்த நல்ல ஆஸ்பத்திரியும் நிக்காது. நம்ம தமிழ்நாட்டுலயே சின்ன ஆஸ்பத்திரிங்களையும் ஸ்டென்ட் வைக்கிற பெரிய ஆஸ்பத்திரிங்களையும் ஆம்புலன்ஸால கோத்துப் பாத்த ஒரு ஆய்வு 2017-ல வந்துச்சு, 2,420 பேர். அப்படி கோக்குறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6 சதவீதம், கோத்தப்புறம் 14.2. எந்த மார்க்கரும் (நோய காட்டுற ரத்த டெஸ்ட்) இல்லாம, வழிய சீராக்கினதுலயே கெடச்ச வித்தியாசம் அது.

## எத வச்சு ஒப்பிடணும்

'நல்லா இருப்பாரா'ங்குறது ஒரு கேள்வி இல்ல, நாலு கேள்வி. இதயத் தசை எவ்ளோ போச்சு? பம்பிங் கொறைஞ்சு நீர் கோத்துக்குமா (இதத்தான் ஹார்ட் ஃபெயிலியர்னு சொல்வாங்க)? மறுபடி அட்டாக் வருமா? சிகிச்சையாலயே கிட்னிக்கோ ரத்தக்கசிவோ ஏதாவது ஆகுமா? ஒவ்வொரு டெஸ்ட்டும் இதுல ஒண்ணுக்கோ ரெண்டுக்கோதான் பதில் சொல்லும், நாலுக்கும் சேத்து சொல்ற டெஸ்ட் இன்னிக்கி வரைக்கும் கெடையாது.

அடுத்தது நேரம். ஒரே டெஸ்ட் ரெண்டாம் நாள் எடுத்தா ஒரு அர்த்தம், ஆறாவது வாரம் எடுத்தா வேற அர்த்தம். மூணாவது, இதயத்த தவிர வேற எதுனால அந்த நம்பர் ஏறும்ங்குறது. கடைசியா நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறது இதான்: நம்பர் மோசமா வந்தா டாக்டர் எதையாவது மாத்துவாரா? எதுவும் மாறாதுன்னா அந்தக் காசுல ரெண்டு மாசத்து மாத்திரை வாங்கிடலாம்.

| டெஸ்ட் | எதச் சொல்லும் | சரியான நேரம் | வேற எதுனால மாறும் | சிகிச்சை மாறுமா | செலவு |
|---|---|---|---|---|---|
| ட்ரோபோனின் | தசை எவ்ளோ போச்சு | மொத 3, 4 நாள் | கிட்னி கோளாறு, ஹார்ட் ஃபெயிலியர், கடும் காய்ச்சல் | வீட்டுக்கு வந்தப்புறம் பெருசா இல்ல | நடுத்தரம் |
| என்டி-ப்ரோ பிஎன்பி | நீர் கோக்குமா, ஹார்ட் ஃபெயிலியர் வருமா | டிஸ்சார்ஜ் சமயம், அப்புறம் தேவைப்பட்டா | வயசு, கிட்னி, தாறுமாறான இதயத் துடிப்பு, உடல் எடை | மாறும் | அதிகம், ஆயிரத்த தாண்டும் |
| கிரியாட்டினின், பொட்டாசியம் | கிட்னி தாங்குதா | ஆஞ்சியோவுக்கு முன்னாடி, 2, 3 நாள் கழிச்சு, 1, 2 வாரத்துல | வலி மாத்திரை, உடம்புல தண்ணி கொறையறது | கண்டிப்பா மாறும் | ரொம்ப கம்மி |
| ஹீமோகுளோபின், பிளேட்லெட் | ரத்தக்கசிவு ஆபத்து | சேரும்போது, அப்புறம் 1 மாசத்துல | டெங்கு, மூலம், மாதவிடாய் | மாறும் | ரொம்ப கம்மி |
| ஹெச்எஸ்-சிஆர்பி | உள்ளுக்குள்ள அழற்சி மிச்சம் இருக்கா | 4 வாரத்துக்கு அப்புறம் | சளி, பல்லு, புண்ணு, எந்த காய்ச்சலும் | சில சமயம் | நடுத்தரம் |
| எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) | மறுபடி அடைக்குமா | மொத 24 மணி நேரம், அப்புறம் 4, 6 வாரம் | அட்டாக்கே அத எறக்கிடும் | கண்டிப்பா மாறும் | கம்மி |

## ட்ரோபோனின்: பயமுறுத்துற நம்பர்

குடும்பத்துல எல்லாரும் மொதல்ல பாக்குற நம்பர் இதான். ஹை சென்சிட்டிவ் ட்ரோபோனின் டி-க்கு மேல் வரம்பு 14 நானோகிராம்/லிட்டர். பெரிய அட்டாக்ல இது ஆயிரக்கணக்குல போகும். 14 இருக்க வேண்டியது 6,000 இருக்குன்னு அழுதுட்டு வந்து நிப்பாங்க. பெரிய அட்டாக்ல அது எதிர்பாத்ததுதான்மா, தசை அடிபட்டா உள்ள இருக்க புரோட்டீன் ரத்தத்துக்கு வரத்தான் செய்யும்.

இன்னொண்ணு, அடைப்பு தொறந்ததும் இது சர்ருன்னு ஏறும். அடைச்ச எடத்துல தேங்கிக் கெடந்தது எல்லாம் ஒரே நேரத்துல அடிச்சிட்டு வெளிய வருது, அதனால ஸ்டென்ட் வச்சு ரெண்டு மணி நேரத்துல நம்பர் எகிறினா சிகிச்சை தோத்துடுச்சுன்னு அர்த்தமில்ல, சீக்கிரமா உச்சிக்குப் போயி சீக்கிரமா எறங்க ஆரம்பிச்சா நல்ல சேதின்னு கூட எடுத்துக்கலாம். அதனாலதான் ஒத்த நம்பர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எவ்ளோ தசை போச்சுன்னு அனுமானிக்க உச்சி அளவையோ இல்ல மூணாவது நாலாவது நாள் அளவையோ பாப்பாங்க, ரெண்டுமே தழும்போட அளவோட ஓரளவு ஒத்துப்போகும். ஆனா அதே விஷயத்த ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) இன்னும் நேரா சொல்லிடும்.

மறைஞ்சிருக்க சிக்கல் மூணு. ட்ரோபோனின் ஐ-ய ஒவ்வொரு மெஷின் கம்பெனியும் ஒவ்வொரு விதமா அளக்குது, ஒரு லேப் நம்பரையும் இன்னொரு லேப் நம்பரையும் பக்கத்துல வச்சு ஏறிடுச்சு எறங்கிடுச்சுன்னு பேசவே முடியாது. சில ரிப்போர்ட் மில்லிலிட்டர்ல வரும், சிலது லிட்டர்ல, 0.014-ம் 14-ம் ஒண்ணேதான், யூனிட்ட பாக்காம தூக்கம் கெட்டவங்க நெறைய பேர். மூணாவது யாரும் நெனைச்சுப் பாக்காதது: முடி கொட்டுதுன்னு சாப்பிடுற அதிக டோஸ் பயோட்டின் மாத்திரை. சில மெஷின்ல ட்ரோபோனின உண்மைய விட கம்மியா காட்ட வச்சிடும், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-லயே எச்சரிக்கை விட்டுச்சு. ரத்தம் குடுக்கும்போது லேப்ல சொல்லிடுங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் வலி ஏதும் இல்லாம ட்ரோபோனின் எடுக்கறது வீண். ஒரு வாரம் ரெண்டு வாரம் வரைக்கும் அது ஏறித்தான் இருக்கும், அத பாத்துட்டு மறுபடி அட்டாக்குன்னு ஓடுவீங்க. பேக்கேஜ்ல கூடவே சிகே-எம்பி-னு தசை அடிபட்டா ஏறுற இன்னொரு டெஸ்ட் இருக்கும், அது ரெண்டு மூணு நாள்ல எறங்கிடும், அந்தக் காலத்துல ரெண்டாவது அட்டாக்க கண்டுபிடிக்க ஒதவுச்சு. இப்ப ட்ரோபோனின ரெண்டு தடவை எடுத்துப் பாத்தே அத சொல்லிடலாம்.

## என்டி-ப்ரோ பிஎன்பி: கூடுதலா ஒண்ணே ஒண்ணுன்னா இது

இதயத்தோட சுவர் இழுபட்டா பிஎன்பி-ங்குற ஹார்மோன் வரும், அதோட கூடவே பிரிஞ்சு வர்ற துண்டு இது. தசை போனது எவ்ளோன்னு ட்ரோபோனின் சொல்லும், மிச்சம் இருக்க தசை எவ்ளோ கஷ்டப்படுதுன்னு இது சொல்லும். எனக்கு ரெண்டாவதுதான் பெரிய கேள்வியா தெரியுது, ஏன்னா வீட்டுக்குப் போன ஆளு படி ஏற முடியுமா, ராத்திரி படுத்தா மூச்சு வாங்குமாங்குறது அதுலதான் இருக்கு. 2001-லயே அட்டாக், அன்ஜைனா (அடைப்பால வர்ற நெஞ்சு வலி) நோயாளிகள் 2,525 பேர்கிட்ட பிஎன்பி எடுத்துப் பாத்தாங்க. மொத சில நாள்ல நம்பர் அதிகமா இருந்தவங்களுக்கு பத்து மாசத்துக்குள்ள இறப்பும் ஹார்ட் ஃபெயிலியரும் அதிகமா வந்துச்சு, ட்ரோபோனின் கணக்க தனியா எடுத்து வச்சப்புறமும்.

ரிப்போர்ட்ல பக்கத்துல 125-னு போட்டிருப்பான். அது வெளிநோயாளிக்கான அளவு. அட்டாக் ஆன மூணாவது நாள் எடுத்தா பெரும்பாலும் அத தாண்டித்தான் இருக்கும். மூச்சு வாங்கிட்டு எமர்ஜென்சிக்கு வர்றவங்களுக்கு வேற கணக்கு: 300-க்கு கீழ இருந்தா ஹார்ட் ஃபெயிலியர் இல்லன்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம், அதுக்கு மேல 50 வயசுக்குள்ள 450, 50லேர்ந்து 75 வரைக்கும் 900, 75-க்கு மேல 1,800. அட்டாக்குக்கு அப்புறம் இந்த அளவுகள விட, ஆஸ்பத்திரில எடுத்த நம்பரும் வீட்டுக்கு வந்து எடுத்த நம்பரும் எந்தப் பக்கம் போகுதுங்குறதுதான் முக்கியம். 30 சதவீதத்துக்கு மேல எறங்கினா நல்ல தெச, ஏறினா டாக்டர உடனே பாக்கணும். சும்மா 10 சதவீதம் முன்ன பின்ன ஆட்டம் காட்டும், அத பெருசா எடுக்காதீங்க.

எதுனால தப்பாகும்? வயசானா ஏறும், கிட்னி கொறைஞ்சா ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறா இருந்தா ஏறும். குண்டா இருக்கவங்களுக்கு உண்மைய விட கம்மியா காட்டும், அவங்களுக்கு நம்பர் நல்லா இருக்குன்னு காலு வீங்கறத கண்டுக்காம விட்டுடக் கூடாது. பிஎன்பி-யும் என்டி-ப்ரோ பிஎன்பி-யும் ரெண்டு வேற டெஸ்ட், ஒண்ணோட நம்பர இன்னொண்ணோட ஒப்பிடவே கூடாது. சாக்குபிட்ரில்-வால்சார்டான்னு ஹார்ட் ஃபெயிலியர் மாத்திரை போடுறவங்களுக்கு பிஎன்பி அந்த மாத்திரையாலேயே ஏறும், அவங்க என்டி-ப்ரோ தான் எடுக்கணும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கறதுக்கும் என்டி-ப்ரோ தான் வசதி, சாம்பிள் சீக்கிரம் கெடாது.

சிகிச்சை மாறுமா? மாறும். நம்பர் ஏறிட்டே போனா மறுபடி எக்கோ, நீர் மாத்திரை, மத்த மாத்திரையோட டோஸ், அடுத்த விசிட் எவ்ளோ சீக்கிரம்னு எல்லாமே அத வச்சு நகரும். எக்கோல பம்பிங் நல்லா இருக்கு, மூச்சு வாங்கல, கால் வீங்கல, அப்படின்னா இது தேவையே இல்ல, அந்தக் காச மிச்சம் பண்ணலாம்.

## கிரியாட்டினின், ஹீமோகுளோபின், சுகர்: ஃபைல்லயே கெடக்குற டெஸ்ட்டுங்க

யாரும் இத 'ஹார்ட் டெஸ்ட்'னு நெனைக்கறதில்ல, அதனாலதான் நான் இதுல கொஞ்சம் நேரம் நிக்கறேன். உலகம் முழுக்க அட்டாக் நோயாளிங்களுக்கு ஆபத்து கணக்கு போட கிரேஸ் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு. வயசு, நாடித்துடிப்பு, பிரஷர், ஈசிஜி, நுரையீரல்ல நீர் இருக்கா, சேரும்போது இதயம் நின்னுச்சா, இதோட ரத்தத்துலேர்ந்து ரெண்டே ரெண்டு தான்: ட்ரோபோனின் மாதிரி ஒரு மார்க்கர், அப்புறம் கிரியாட்டினின். விலை ஒசந்த வேற எந்த மார்க்கரும் அதுல இல்ல.

எங்க பெரியப்பாவுக்கு நடந்தத சொல்றேன். ஆஞ்சியோவுக்கு முன்னாடி கிரியாட்டினின் 1.3. ஸ்டென்ட் வச்சாங்க, மூணாவது நாள் வீடு. அதுக்கப்புறம் கிரியாட்டினின் எடுக்கவே இல்ல, ஆஸ்பத்திரிலயும் சொல்லல, எனக்கும் ஒறைக்கல. இவரு வீட்ல முட்டி வலிக்குன்னு பழைய டைக்ளோஃபினாக் வலி மாத்திரைய எடுத்துப் போட்டுட்டு இருந்திருக்காரு. ஆறாவது நாள் மொகம் வீங்கி, ஒண்ணுக்கு கம்மியா போகுதுன்னு பெரியம்மா கூப்பிட்டாங்க. எடுத்துப் பாத்தா 3.4. ஒரு வாரம் அட்மிஷன், நல்லவேளை திரும்பி வந்துச்சு. ஆஞ்சியோல விடற சாயத்தால கிட்னி அடிபட்டா கிரியாட்டினின் ஒண்ணு ரெண்டு நாள்ல ஏற ஆரம்பிச்சு மூணுலேர்ந்து அஞ்சு நாளுக்குள்ள உச்சிக்குப் போகும், சரியா நாம வீட்டுக்கு வந்துட்ட நாளுங்க. 48 மணி நேரத்துக்குள்ள 0.3 ஏறினாலே கணக்கு. அன்னியிலேர்ந்து யாரு கேட்டாலும் மொதல்ல நான் கேக்கறது, "ஆஞ்சியோவுக்கு அப்புறம் கிரியாட்டினின் எடுத்தாங்களா?"

கூடவே பொட்டாசியம். ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல ரெண்டையும் சேத்துப் பாக்கணும். நம்மூர்ல அட்டாக் ஆன ஆள பாக்க வர்ற ஒவ்வொருத்தரும் எளநீர் வாங்கிட்டு வருவாங்க, எளநீர்ல பொட்டாசியம் அதிகம், கிட்னி கொறைஞ்சு இந்த மாத்திரையும் போடுறவங்களுக்கு அது ஒத்துக்காது. அக்னி நட்சத்திரத்துல நீர் மாத்திரை போட்டுட்டு வெயில்ல அலையறவங்களுக்கு கிரியாட்டினின் ஏறுறதும் வருஷா வருஷம் பாக்குறேன்.

ஹீமோகுளோபின் ஏன்? ஸ்டென்ட் வச்சா ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினோட க்ளோபிடோக்ரெலோ டிக்காக்ரெலோரோ சேத்து மாசக்கணக்குல போடணும். 11-க்கு கீழ ஹீமோகுளோபின் இருந்தா, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு கீழ இருந்தா, ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ளவங்கன்னு 2019-ல வகுத்த கணக்குல வந்துடுவாங்க, டாக்டர் மாத்திரையோட காலத்தையே யோசிப்பாரு. ஐப்பசி கார்த்திகைல டெங்கு சுத்தும்போது ஸ்டென்ட் வச்ச ஆளுக்கு காய்ச்சல்னா பிளேட்லெட்ட அன்னிக்கே பாக்கணும், ஆனா நீங்களா மாத்திரைய நிறுத்திடக் கூடாது, நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சிடும், கார்டியாலஜிஸ்ட்டுக்கு போன் போட்டே ஆகணும்.

சுகர்: அட்டாக் அன்னிக்கி 240 வந்துச்சுன்னா சர்க்கரை நோயா, இல்ல உடம்பு அதிர்ச்சில ஏறினதான்னு ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) எடுத்தா பிரியும். ரெண்டுமே கெட்ட சேதிதான், ஆனா ரெண்டுக்கும் வழி வேற.

## ஹெச்எஸ்-சிஆர்பி

அட்டாக்கே ஒரு காயம், காயம் பட்டா சிஆர்பி ஏறும், ரெண்டு மூணு நாள்ல உச்சி. அதனால ஆஸ்பத்திரில இருக்கும்போது எடுத்த சிஆர்பி-ய வச்சு அடுத்த பத்து வருஷத்த சொல்ல முடியாது. குறைஞ்சது நாலு வாரம் போகட்டும். 1-க்கு கீழ நல்லது, 3-க்கு மேல ஆபத்து, 10-க்கு மேல போனா வேற ஏதோ தொத்து இருக்கு, சரியானப்புறம் மறுபடி எடுங்க. மழைக்காலத்துல சென்னைல இத எடுத்தா பாதிப் பேருக்கு சளிதான் தெரியும்.

எடுத்து என்ன பண்றது? 2017-ல பழைய அட்டாக்கும் சிஆர்பி 2-க்கு மேலயும் இருந்த 10,000 பேருக்கு மேல வச்சு கனாகினுமாப்னு அழற்சிய அடக்குற ஊசிய சோதிச்சுப் பாத்தாங்க, கொலஸ்ட்ரால தொடாமலே மறு அட்டாக் மாதிரியான விஷயங்க 15 சதவீதம் கொறைஞ்சுது, ஆனா தொத்துல சாவும் கொஞ்சம் கூடுச்சு, இதயத்துக்குன்னு அந்த ஊசி வரவே இல்ல. அப்புறம் கோல்ச்சிசின், அதுவும் அழற்சிய கொறைக்கிற மாத்திரை. 2019-ல நல்ல ரிசல்ட், 2024-ல 7,062 பேர வச்சு பண்ண பெரிய ஆய்வுல பலன் இல்ல. ஆக இன்னிக்கி நம்பர் அதிகமா வந்தாலும் டாக்டருக்கு கையில இருக்க வழி கம்மி. ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) நல்லா போட்டு, எல்டிஎல் எறங்கி, பீடி சிகரெட்டும் விட்டப்புறம் இன்னும் என்ன மிச்சம்னு பாக்க நெனைக்கிறவங்களுக்கு இது சரி.

## எல்டிஎல், லிப்போபுரோட்டீன் ஏ

அட்டாக் ஆகி 24 மணி நேரத்துக்கு அப்புறம் எல்டிஎல் தானா எறங்கும், அத பாத்துட்டு கொலஸ்ட்ரால் இல்லியேன்னு ஸ்டேட்டின நிறுத்தினவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. நாலு ஆறு வாரம் கழிச்சு எடுத்து 55-க்கு கீழ வந்துச்சான்னு பாருங்க, வரலன்னா எசெட்டிமைப்னு இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரை சேப்பாங்க. லிப்போபுரோட்டீன் ஏ-ங்குறது எல்டிஎல் மாதிரி ஒரு கொழுப்புத் துகள், பரம்பரையா வர்றது, வாழ்க்கைல ஒரு தடவை எடுத்தா போதும், டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருந்தா பிள்ளைங்களும் ஒரு தடவை எடுக்கணும். சின்ன வயசுல அட்டாக் வந்த வீட்ல இதுக்கு காசு குடுக்கலாம். 70 வயசு தாத்தாவுக்கு அவசரமில்ல.

## பேக்கேஜ்ல சேத்து வர்றது

ஹோமோசிஸ்டீன்னு ரத்தத்துல இருக்க ஒரு அமினோ அமிலம், இந்த டெஸ்ட் கிட்டத்தட்ட எல்லா பேக்கேஜ்லயும் இருக்கு. ஃபோலிக் ஆசிட், பி12 குடுத்து அத எறக்கிப் பாத்த ரெண்டு பெரிய ஆய்வு 2006-ல வந்துச்சு, ஒண்ணு அட்டாக் வந்தவங்ககிட்டயே பண்ணது. நம்பர் எறங்குச்சு, அட்டாக் எறங்கல. நியூட்ரோஃபில்-லிம்போசைட் (ரெண்டு வகை வெள்ளை அணு) விகிதத்துக்கு தனியா காசு கேட்டா குடுக்காதீங்க, சாதா ரத்த எண்ணிக்கைலயே ரெண்டும் இருக்கு, ஒண்ண இன்னொண்ணால வகுத்தா வந்துடும். லாக்டேட் ரொம்ப முக்கியமான டெஸ்ட், ஆனா அது பிரஷர் எறங்கி ஷாக்ல இருக்கவங்களுக்கு சி.சி.யு-ல (இதய தீவிர சிகிச்சைப் பிரிவு) எடுக்கறது, வீட்டுக்கு வந்தவங்களுக்கு இல்ல.

## யாருக்கு எது

எக்கோ நல்லா இருக்கு, தொந்தரவு இல்ல: கிரியாட்டினின், பொட்டாசியம், ரத்த எண்ணிக்கை, நாலு ஆறு வாரத்துல எல்டிஎல், ஹெச்பிஏ1சி. அவ்ளோதான். அரசு ஆஸ்பத்திரி ஓபி-லயே இத எடுத்துடலாம், தனியா பேக்கேஜ் தேவையில்ல.

எக்கோல பம்பிங் 40 சதவீதத்துக்கு கீழ, இல்ல ராத்திரி மூச்சு வாங்குது, எடை ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிடுச்சு: என்டி-ப்ரோ பிஎன்பி, ஒரே லேப்ல, பழைய நம்பரோட ஒப்பிட்டு. சர்க்கரையோ கிட்னி கோளாறோ ஏற்கனவே இருந்தா கிரியாட்டினின ஒரு தடவையோட விடாதீங்க. 45 வயசுக்குள்ள அட்டாக்னா லிப்போபுரோட்டீன் ஏ சேத்துக்கோங்க.

அந்த வியாசர்பாடி தம்பி டிஸ்சார்ஜ் சம்மரிய போட்டோ எடுத்து அனுப்பினான். எக்கோல பம்பிங் 48 சதவீதம். சேரும்போது கிரியாட்டினின் 1.1, ஆஞ்சியோவுக்கு அப்புறம் எடுத்த மாதிரி எங்கயும் இல்ல. அப்பாவுக்கு மெட்ஃபார்மின்னு சர்க்கரை மாத்திரை வேற ஓடுது. ரெண்டு நோட்டீஸையும் ஓரமா வச்சிட்டு நாளைக்கு காலைல கிரியாட்டினினும் பொட்டாசியமும் மட்டும் எடுடான்னு சொன்னேன். எடுத்தான், 1.2, பொட்டாசியம் 4.6. திங்கக்கிழமை ஓபி. ரிப்போர்ட், சம்மரி, மாத்திரை அட்டைங்க எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன், முட்டி வலிக்கு அப்பா தனியா ஏதாவது போடுறாரான்னு கேட்டு அதையும் சேத்து.